முதல் மூச்சு: அன்றும் இன்றும்

1935-இல், மலேரியா இலங்கையை வாட்டிய ஆண்டில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அந்த எண் பத்துக்கும் கீழே.

மாத்தளையின் மலைத் தோட்டங்களில், எல்கடுவையிலோ இரத்தோட்டைக்கு மேலேயோ, லயத்துக் காம்பராவில் எட்டாம் மாதம் பிள்ளை பிறந்தால் மருத்துவிச்சியிடம் இருந்தவை துணி, வெந்நீர், கைப்பழக்கம். அழாத பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவதே அக்காலத்து வழக்கம். அழுத பிள்ளைகளிலும் சிலருக்குச் சில மணி நேரத்தில் நெஞ்சு குழிந்து, முனகல் எழுந்து, உதடு நீலம் பாரிக்கும். காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் அந்த நுரையீரலில் போதிய அளவு ஊறியிருக்காது. இதை மேரி எலன் ஏவரியும் ஜெரே மீடும் 1959-இல்தான் கண்டு சொன்னார்கள். சொன்ன பிறகும் கைவசம் மருந்து இல்லை. 1963-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து 39 மணி நேரமே இருந்தான். லயத்துக்கும் வெள்ளை மாளிகைக்கும் இந்த ஒன்றில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில். அங்கே கைகள் அடங்கியிருக்கின்றன. பிள்ளையின் நிலை இடங்கொடுத்தால் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்கிறார்கள். நூறு வீத ஒட்சிசன் கொடுத்த இடத்தில் 21 முதல் 30 வீதத்தில் தொடங்கி, தேவை பார்த்து ஏற்றுகிறார்கள். 1940களிலும் 50களிலும் தாராளமாகக் கொடுத்த ஒட்சிசன் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குறைமாதப் பிள்ளைகளின் பார்வையைப் பறித்த பிறகு வந்த சிக்கனம் இது. தானாக மூச்செடுக்கும் பிள்ளைக்குத் தொண்டையில் குழாய் இறக்காமல், மூக்கு வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்று. அது போதாதபோதுதான் நுரையீரலுக்குள் அந்தக் குறைந்த பொருளே மருந்தாக.

தாயின் மடிச்சூடுதான் விலகிப்போனது. பிள்ளை கண்ணாடிப் பெட்டியில், தாய் வேறு வார்ட்டில். கண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் வேறு ஊரிலேயே. வெற்று நெஞ்சோடு பிள்ளையை அணைக்கும் முறையை, பிறந்த உடனேயே தொடங்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. லயத்துத் தாய்க்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எளியது, பிள்ளையின் நுரையீரல் முதிரப் பிறப்புக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீரொய்ட் ஊசி. நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972-இலேயே அதன் பயனைக் காட்டினார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் அதைப் பரவலாகப் பரிந்துரைக்க 1994 ஆயிற்று. மலிவான மருந்துக்கு இத்தனை நீண்ட தயக்கம்! அந்த ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அன்று தோட்டத்து லொறிக்குக் காத்திருந்தார்கள். இன்று 1990 என்ற எண்ணை அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. ஏழாம் மாதத்து வலியை வெறும் சூட்டுவலி என்று எண்ணி, விடியட்டும் என்று பொறுத்துக்கொண்டால், அந்த ஒரு நாள் கிடைப்பதில்லை.