எம்போரியா கெஜட்டும் ஒயிட் குடும்பமும்

பெருநகரத்துப் பத்திரிகையை நாள்தோறும் வாசிக்கிறவர், அதன் ஆசிரியரை ஆயுள் முழுவதும் ஒரு தடவைகூட நேரில் காணாமலே இருந்துவிடலாம். சிற்றூர்ப் பத்திரிகையின் ஆசிரியரோ, காலையில் யாரைக் கண்டித்துத் தலையங்கம் எழுதினாரோ அவரையே மாலையில் கடைத்தெருவில் எதிர்ப்பட்டு, க்ஷேமம் விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆலயத்தில் அடுத்தடுத்த ஆசனத்தில் அமர்ந்தாக வேண்டும். இந்த நெருக்கத்தினால் பேனாவின் முனை மழுங்கிப் போனவர்கள் பலர். மழுங்காமலே ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்த ஒரு மனிதரையும், அவரோடு சேர்ந்து பத்திரிகையையே வாழ்க்கையாக்கிக்கொண்ட அவருடைய குடும்பத்தையும் பற்றி அறியும்போது நம் மனத்தில் உண்டாகும் மரியாதை சாமானியமானதல்ல.

அமெரிக்காவின் மத்திய பாகத்தில், மாடுகள் மேயும் பரந்த புல்வெளிகளின் ஓரத்தில், கான்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த எம்போரியா என்னும் சிறு பட்டணம் இருக்கிறது. அங்கே 1868-ல் பிறந்த வில்லியம் ஆலன் ஒயிட், கான்ஸாஸ் நகரத்துப் பெரிய பத்திரிகை ஒன்றில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தபோதே, சொந்தமாக ஒரு பத்திரிகை வேண்டும் என்ற ஆசை மேலிட்டு, 1895-ல் மூவாயிரம் டாலருக்கு, அதுவும் கடன் வாங்கிய பணத்தில், ‘எம்போரியா கெஜட்’ என்ற நலிந்த பத்திரிகையை விலைக்கு வாங்கினார். அதன் சந்தாதாரர்கள் அப்போது ஐந்நூறு பேர்கூட இல்லை. புதிய முதலாளி ரயிலைவிட்டு இறங்கியபோது பையில் இருந்தது ஒன்றேகால் டாலர். மூட்டையைத் தானே சுமந்து நடப்பதா, வண்டி வைத்துக்கொள்வதா என்று சற்று யோசித்து, ஊராருக்கு முதல் நாளே தரித்திரம் தெரியக்கூடாது என்று கால் டாலர் கொடுத்து வண்டியிலேயே போனதாக அவர் தம் சுயசரிதத்தில் நினைவுகூர்கிறார்.

சிற்றூர்ப் பத்திரிகையின் ஜீவனம் சந்தாப் பணத்தினால் மட்டும் நடப்பதில்லை. உள்ளூர்க் கடைக்காரரின் விளம்பரமும், அச்சுக்கூடத்துக்கு வரும் ஜாப் வேலையும் சேர்ந்துதான் அச்சுக் கோப்பவருக்குக் கூலியாக வேண்டும். ஆகவே, யாரைக் கண்டித்து எழுதினாலும் அவர் விளம்பரதாரராகவோ விளம்பரதாரரின் மைத்துனராகவோ இருப்பார். ஒயிட்டுக்கு இந்தப் பாரத்தில் சரிபாதியைத் தாங்கியவர் அவருடைய மனைவி ஸாலி. 1893-ல் அவரை மணந்த அந்த அம்மையாரிடம் வாசித்துக் காட்டி, அபிப்பிராயம் கேட்டு, திருத்திய பிறகே முக்கியமான கட்டுரைகளை அச்சுக்கு அனுப்புவது வழக்கம். அந்த வீட்டில் குடும்பப் பேச்சுக்கும் ஆசிரியர் குழுவின் ஆலோசனைக்கும் நடுவே சுவர் எதுவும் இருக்கவில்லை.

1896 ஆகஸ்டில், ஸாலி ஊரில் இல்லாத சமயத்தில், வீதியில் எதிர்க்கட்சியார் சிலர் சூழ்ந்துகொண்டு பரிகசிக்க, ஆத்திரத்தோடு அலுவலகம் திரும்பிய ஒயிட், கான்ஸாஸுக்கு என்ன வந்துவிட்டது என்று கேட்டு ஒரு தலையங்கத்தை எழுதிவிட்டு மனைவியைக் காண ரயிலேறினார். குடியரசுக் கட்சியார் ஜனாதிபதித் தேர்தலுக்காக அதை மறுபிரசுரம் செய்து நாடெங்கும் பரப்பினார்கள். எம்போரியாவின் பெயர் ஒரே மாதத்தில் பிரசித்தமாயிற்று. ஆனால், அதில் எதிர்த்த சீர்திருத்தங்கள் பலவற்றைப் பிற்காலத்தில் ஒயிட்டே ஆதரிக்கலானார் என்பதையும் சொல்லவேண்டும். பெருநகரங்களிலிருந்து வந்த அழைப்புக்களை அவர் ஏற்கவில்லை. கெஜட்டின் மேஜையே போதும் என்று எம்போரியாவிலேயே இருந்துவிட்டார்.

என் அபிப்பிராயத்தில் அவர் எழுதியவற்றுள் சிரேஷ்டமானது அரசியலைப் பற்றியதே அன்று. 1921 மே மாதத்தில், பதினாறே வயதான அவருடைய மகள் மேரி, பள்ளிக்கூட ஆண்டு மலரின் வேலையை முடித்து வந்து, குதிரைமீது உலாவப் போனாள். வீதியில் கண்ட நண்பனைப் பார்த்துக் கையசைத்த க்ஷணத்தில் குதிரை விலகியது. தாழ்ந்த மரக்கிளை ஒன்று தலையில் மோதிற்று. சில தினங்களில் அவள் உயிர் பிரிந்தது. நல்லடக்கம் முடிந்த பின்பு தகப்பனார் பேனாவை எடுத்தார். மகள் குதிரையிலிருந்து விழுந்து இறந்ததாகத் தந்திச் செய்தி பரவியிருந்தது. ஆயுளில் என்றும் குதிரையிலிருந்து விழாதவள் அவள் என்று, அந்தத் துக்கத்திலும், ஒரு செய்தியாளருக்குரிய கண்டிப்போடு அதைத் திருத்தியே தொடங்குகிறார். பிறகு அவளுடைய குறும்பு, கார் நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் உற்சாகம், பள்ளியிலுள்ள கறுப்பினப் பெண்களுக்கு ஓய்வறை வேண்டும் என்று அவள் பட்ட பாடு எல்லாம் ஒவ்வொன்றாக வருகின்றன. மிகையான புலம்பல் ஒன்றும் கிடையாது. ஊராருக்குப் பழகிய ஒரு பெண்ணைப் பற்றி, ஊராருக்காகவே எழுதிய அந்தக் கட்டுரை, பள்ளிப் பாடப் புத்தகங்கள்வரை சென்றது. மேரியின் நினைவாகப் பெற்றோர் ஊருக்கு அளித்த நிலம் ‘பீட்டர் பான் பூங்கா’வாக இன்றும் இருக்கிறது.

மறு வருஷம் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தது. அவர்களை நூற்றுக்கு நாற்பத்தொன்பது பங்கு ஆதரிப்பதாகத் தம் அலுவலக ஜன்னலில் ஒயிட் விளம்பரத் தாள் ஒட்டினார். அத்தகைய தாள்களை மாநில கவர்னர் தடுத்திருந்தார். கவர்னர் ஹென்றி ஆலன், ஒயிட்டின் நெடுநாளைய சிநேகிதர். அவரும் பத்திரிகைத் தொழிலிலிருந்தே வந்தவர். ஆயினும் ஒயிட் தாளை எடுக்கவில்லை, வழக்குத் தொடர்ந்தது, கைதும் ஆனார். அமைதிக்கு ஆபத்து வரும் வேளையில்தான் பேச்சுரிமை மிகுதியும் அவசியம் என்று வாதித்து, கவலையுற்ற நண்பர் ஒருவருக்கு விடையாக அவர் எழுதிய தலையங்கத்துக்கு 1923-ல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது, வழக்கும் தள்ளுபடியாயிற்று. சிநேகிதம் மட்டும் முறியவில்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். எதிரியைக் கண்டிப்பதற்கு வேண்டிய தைரியம் ஒருவகை, நாளைக்கும் முகம் பார்க்கவேண்டிய நண்பரைக் கண்டிப்பதற்கு வேண்டியது வேறுவகை.

‘கூ க்ளக்ஸ் க்ளான்’ என்ற நிறவெறிக் கூட்டம் கான்ஸாஸில் வேரூன்றிய காலத்தில், பெரிய கட்சிகள் அதைக் கண்டிக்கத் தயங்குவதைக் கண்டு, 1924-ல் அவரே சுயேச்சையாகக் கவர்னர் தேர்தலில் நின்றார். மூன்றாவதாகத்தான் வந்தார். ஆயினும் அந்தக் கூட்டத்தின் பெயரைச் சொல்லி எதிர்க்க அஞ்சியிருந்த மாநிலத்தில், அந்தப் பிரசாரத்தின்போது ஊர் ஊராக அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

1944 ஜனவரியில் ஒயிட் காலமானார். முற்றுப்பெறாத சுயசரிதம் 1946-ல் வெளிவந்து மறு வருஷம் அதுவும் புலிட்ஸர் பரிசு பெற்றது. பத்திரிகைப் பொறுப்பு மகன் வில்லியம் லிண்ட்ஸேயின் கைக்கு வந்தது. அவர் யுத்த நிருபராக லண்டனுக்குச் சென்றிருந்த சமயத்தில், குண்டுவீச்சினால் அநாதையான பார்பரா என்னும் சிறுமியைத் தத்தெடுத்து அழைத்துவந்திருந்தார். ‘ஜர்னி ஃபார் மார்கரெட்’ என்ற அவருடைய நூல் அந்தச் சம்பவத்தைச் சொல்வது. அந்தப் பெண்ணே வளர்ந்து, பின்னாளில் தம் கணவரோடு கெஜட்டை நடத்தினார். அவருக்குப் பின் அவர் மகனும் அதே பொறுப்பை ஏற்றார்.