பதிலுக்கு முன்னால் சில விநாடிகள்

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஊரிலிருந்து வந்த மாமாவைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பையனுக்குக் 'கூச்ச சுபாவம்' என்று பட்டம். அவனே கல்லூரியை முடித்தால் நேர்காணலுக்குத் தயார்செய்ய ஏதாவது ஒரு 'பெர்சனாலிட்டி டெவலப்மென்ட்' வகுப்பு. தி.நகரில் அதற்கான பெயர்ப்பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை. பேச்சுத்திறன் பேசுகிறவரின் வாயில் இருக்கிறது, அதைச் சரிசெய்தால் போதும் என்பதுதான் அந்தப் பலகைகளின் நம்பிக்கை.

கோட்டூர்புரம் ரஞ்சித் சாலையில் உள்ள வித்யாசாகர், இந்தக் கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டுப் பார்க்க வைக்கிற இடம். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்காகப் பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய அமைப்பு அது. அந்தப் பிள்ளைகள் பலருக்கும் சொல்வதற்கு விஷயம் நிறைய இருக்கும்; நாக்கும் உதடும் தொண்டைத் தசைகளும்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் படங்களும் சொற்களும் ஒட்டிய பலகை ஒன்று அவர்களுக்கு வாயாகிறது. பிள்ளை விரலால் காட்டும். விரல் ஒத்துழைக்காவிட்டால் கண்ணால் காட்டும். பார்வை போகிற திசையைப் பிடித்து, "இதுவா?" என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டியது எதிரில் இருப்பவர் வேலை.

சென்னை ஐஐடியில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகரோடு சேர்ந்து இந்தப் பலகையை மின்னணுக் கருவியாக்கினார். 'ஆவாஸ்' என்று பெயர். இந்தியில் குரல் என்று பொருள். திரையில் ஒளிக்கட்டம் படம் படமாக நகரும். வேண்டிய படம் வந்ததும் பிள்ளை தலையையோ கையையோ அசைத்து சுவிட்சைத் தட்டினால், கருவி அதை வாய்விட்டுச் சொல்லும். டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2011இல் வெளியிட்ட 35 வயதுக்குட்பட்ட புதுமையாளர் பட்டியலில் அஜித்தின் பெயரும் இருந்தது. பின்னர் ஆவாஸ் ஐபேட் செயலியாகி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் போய்ச் சேர்ந்தது.

குரல் கிடைத்துவிட்டது. உரையாடல் கிடைத்துவிட்டதா?

ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கும்? டான்யா ஸ்டைவர்ஸும் சக ஆய்வாளர்களும் 2009இல் 10 மொழிகளில் இதை அளந்தார்கள். சராசரியாக 200 மில்லி விநாடி அளவுதான், அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. பட்டியலில் வேகமான ஜப்பானியர்களுக்கும் நிதானமான டென்மார்க்காரர்களுக்கும் உள்ள வித்தியாசமே அரை விநாடியைத் தாண்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு 600 மில்லி விநாடி பிடிக்கிறது. அப்படியானால் எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம்!

இந்தத் தாளத்துக்குப் பழகிய காது, சற்று நீண்ட மௌனத்தையும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளும். "கல்யாணத்துக்கு வர்றீங்கல்ல?" என்று கேட்டு எதிர்முனையில் ஒரு விநாடி சத்தமில்லை என்றால், வரப்போவதில்லை என்று நமக்கே புரிந்துவிடும். சாதாரணப் பேச்சு நிமிடத்துக்கு 150 சொல் அளவில் ஓடும். கருவி வழியாகப் பேசுகிறவர்களில் பலருக்கு 15 சொல்லே பெரிது. கன்னத் தசையின் அசைவால் தட்டச்சு செய்த ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்குக் கடைசி ஆண்டுகளில் நிமிடத்துக்கு ஒரு சொல் என்ற அளவுக்கு வேகம் குறைந்தது. அவர் பதிலுக்கு உலகமே காத்திருந்தது. கோட்டூர்புரத்துப் பிள்ளையின் பதிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காத்திருப்பாரா?

பெரும்பாலும் மாட்டார். ஜானிஸ் லைட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், பேச முடியாத சிறு பிள்ளைகளும் அவர்களை வளர்ப்பவர்களும் பழகுவதைக் கவனித்து 1985இல் எழுதினார்கள். பேச்சைத் தொடங்குவது, திருப்புவது எல்லாம் பெரியவர்கள். பிள்ளை பதில் சொல்லும் ஆள் மட்டுமே. 'பசிக்குதா? தண்ணி வேணுமா?' என்ற ரகக் கேள்விகளுக்குத் தலையாட்டியே காலம் தள்ளும் பிள்ளை, தானாக ஒரு பேச்சை எடுக்க எங்கே கற்றுக்கொள்ளும்? கருவி வழி உரையாடலுக்கு எவையெல்லாம் தேவை என்று லைட் 1989இல் வகுத்தபோது மொழியறிவு, கருவியைக் கையாளும் திறன், பழகும் திறன், சமாளிக்கும் உத்தி என நான்கைச் சொன்னார். 2003இல் அந்தப் பட்டியலை விரித்து ஊக்கம், மனப்பாங்கு ஆகியவற்றோடு தன்னம்பிக்கையையும் சேர்த்தார். பொத்தானை அழுத்தத் தெரிந்தவருக்கும் 'இவர் என்னைக் கேட்பார்' என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் பொத்தான் அப்படியே கிடக்கும்.

இது கருவிக்காரர்களுக்கு மட்டுமான சங்கதி அல்ல. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அமெரிக்க வகுப்பறைகளில் பார்த்தார்: கேள்வி கேட்டதும் ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார், பிறகு அடுத்த மாணவரிடம் தாவுகிறார், அல்லது பதிலைத் தானே சொல்லிவிடுகிறார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மாற்றப்பட்டது ஆசிரியரின் பழக்கம் மட்டுமே. அப்படிப் பார்த்தால் பேச்சு வகுப்புகள் பாதிக் கட்டணத்தைக் கேட்கிறவரிடம் வசூலித்திருக்க வேண்டும்.

கேட்கிறவரை வகுப்புக்கு இழுத்துவர முடியாது என்பதால், லைட் குழு 1990களில் ஓர் எளிய உத்தியைச் சோதித்தது. கருவி வழியாகப் பேசுகிறவர், அறிமுகமில்லாதவரிடம் தான் எப்படிப் பேசுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த அறிமுகத்தோடு ஒரு காணொளி, அது இல்லாமல் ஒரு காணொளி. பார்த்தவர்களில் பெரும்பாலோர், அறிமுகத்தோடு பேசியவரையே திறமையானவராக மதிப்பிட்டார்கள்.

தமிழில் அந்த அறிமுகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "வணக்கம். நான் இந்தப் பலகையால் பேசுவேன். கொஞ்சம் நேரம் ஆகும். பாதியிலேயே முடித்துவைக்காதீர்கள்; உதவி வேண்டுமென்றால் நானே கேட்பேன். என் கூட வந்திருப்பவரிடம் கேட்காமல் என்னிடமே கேளுங்கள்."