வெப்பம் ஏறினால் விழும் ஈ

கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், டேவிட் சுசூகியின் குழு 1970களின் தொடக்கத்தில் வினோதமான பழ ஈக்களைக் கண்டெடுத்தது. அறை வெப்பத்தில் அவை மற்ற ஈக்களைப் போலவே நடக்கும், பறக்கும். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸை எட்டினால் இரண்டொரு நிமிடத்தில் கால் ஓய்ந்து சுருண்டு விழும். குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் சிறிது நேரத்தில் எழுந்துவிடும். இந்தத் திடீர்மாற்றத்துக்கு ஷிபிரே என்று பெயர் வைத்து 1973இல் அறிவித்தார்கள். அந்த ஈ ஏன் விழுந்தது என்று தேடிப் போனது, நரம்பின் நுனியில் ஓயாமல் நடக்கும் ஒரு மீட்பு வேலையைப் புரிந்துகொள்ள உதவியது.

நியூரான் எனப்படும் ஒரு நரம்பு செல்லின் நுனிக்கும் அடுத்த நியூரானுக்கும் இடையே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி உண்டு. இந்தச் சந்திப்பே சினாப்ஸ். பெரும்பாலான சினாப்ஸ்களில் மின் துடிப்பு இந்த இடைவெளியைத் தாண்டுவதில்லை. அங்கே செய்தியைச் சுமந்து செல்வது வேதிப்பொருள். ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி 1921இல் இதைக் காட்டினார். தவளை இதயம் ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி, துடிப்பு தளர்ந்ததும், அந்த இதயத்தில் இருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் தளர்ந்தது. திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின்.

முப்பது ஆண்டு கழித்து லண்டனில் பெர்னார்ட் காட்ஸும் உடன் உழைத்தவர்களும், அந்த வேதிப்பொருள் கசிந்து வருவதில்லை, அளவான பொட்டலங்களாக வருகிறது என்று கண்டார்கள். அந்தப் பொட்டலங்கள் சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள சவ்வுக் குமிழ்கள். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் மூலக்கூறுகள் இருக்கும். மின் துடிப்பு நரம்பு நுனிக்கு வந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியத்தை சினாப்டோடாக்மின் என்ற புரதம் உணர்கிறது. குமிழிலும் நுனிச் சவ்விலும் உள்ள ஸ்னேர் புரதங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு இரு சவ்வுகளையும் இழுத்து இணைக்கின்றன. குமிழ் வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். இவ்வளவும் ஒரு மில்லிநொடிக்குள். 2013ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவரில் ராத்மனும் சூடோஃபும் விளக்கியவற்றில் இதுவும் அடங்கும்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எனக்கோ கதையின் சிறந்த பகுதி இதற்குப் பிறகுதான் என்று படுகிறது. மூளையில் ஒரு சாதாரண நரம்பு நுனியில் இருப்பவை சில நூறு குமிழ்களே. நரம்பு தொடர்ந்து துடித்தால் அவை சீக்கிரமே தீர்ந்துபோகும். புதிதாக அனுப்பலாம் என்றால் செல்லின் உடல் வெகு தூரத்தில் இருக்கிறது. கால் விரலை அசைக்கும் நரம்பின் செல் உடல் முதுகுத்தண்டில் இருக்கிறது. இடையில் ஏறக்குறைய ஒரு மீட்டர். நரம்பின் வழியே மிக வேகமாகப் போகும் சரக்கே நாளொன்றுக்கு 40 சென்டிமீட்டர் அளவில்தான் நகரும். அங்கிருந்து வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிடும். ஆகவே நுனி தன் குமிழ்களைத் தானே மீட்டுக்கொள்ள வேண்டும்.

1973இல் ஹியூசர், ரீஸ் என்ற ஆய்வாளர்கள் தவளையின் நரம்பு நுனிகளில் இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள். நுனிக்கு வெளியே ஓர் அடையாளப் பொருளைக் கலந்து நரம்பைத் தூண்டினார்கள். சற்று நேரத்தில் அந்தப் பொருள் உள்ளே, குமிழ்களுக்குள் இருந்தது. வெளிச்சவ்வோடு கலந்துபோன குமிழ்ச் சவ்வு திரும்பவும் உள்ளே இழுக்கப்படுகிறது என்று அதற்குப் பொருள். கிளாத்ரின் என்ற புரதம் பிரம்புக் கூடை பின்னியதைப் போல அந்தச் சவ்வைச் சுற்றி அமைந்து உருண்டையாக வளைக்கிறது. கழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி இறுக்கி அறுப்பது டைனமின் என்ற இன்னொரு புரதம்.

ஷிபிரே ஈயில் பழுதாகியிருந்தது இந்த டைனமின்தான் என்று 1991இல் தெரியவந்தது. வெப்பத்தில் அது செயலிழக்கும். குமிழ்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும், ஒன்றும் திரும்பாது. கையிருப்பு தீர்ந்து ஈ விழும். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் நுனி காலியாகவும், அறுபடாத கழுத்துகள் சவ்விலேயே தொங்கியபடியும் தெரியும்.

இதில் இந்தியாவின் பங்கும் பெரிது. மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் ஒபைத் சித்திகி, சீமூர் பென்சருடன் சேர்ந்து, வெப்பத்தில் முடங்கும் வேறு ஈக்களை 1976இல் விவரித்தார். அவற்றுள் ஒன்றான கோமடோஸில் கெட்டிருந்தது, முறுக்கிக்கொண்ட ஸ்னேர் புரதங்களைப் பிரித்து மறுபயன்பாட்டுக்குத் தரும் புரதம். அதே நிறுவனத்தில் கே. எஸ். கிருஷ்ணன் இந்த ஈக்களின் மேல் நீண்ட காலம் உழைத்தார்.

மீட்பு எவ்வளவு விரைவானது என்பதில் 2013இல் ஒரு திருப்பம் வந்தது. ஷிகேகி வதனாபேயும் எரிக் ஜார்கன்சனும் ஒளியால் நரம்பைத் தூண்டி நொடிப்பொழுதில் உறையவைத்துப் பார்த்தார்கள். எலியின் நியூரான்களில் 50 முதல் 100 மில்லிநொடிக்குள்ளேயே சவ்வு உள்ளே இழுக்கப்பட்டது. குமிழ் முழுதாகக் கலந்துவிடுகிறதா, சிறு துளை திறந்து உடனே மூடிக்கொள்கிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மீண்ட குமிழில் வேதிப்பொருள் புதிதாக நிரம்பும். வெளியே சிந்திய அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடைக்க, அதிலிருந்து வரும் கோலின் நுனிக்கே திரும்பும். குளூட்டமேட் என்ற வேறொரு செய்தி வேதிப்பொருளை, நியூரான்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளியா என்ற துணை செல்கள் உறிஞ்சிக்கொள்ளும்.

இந்தச் சுழற்சி நின்றால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க் கட்டுவிரியன் காட்டுகிறது. அதன் நஞ்சில் உள்ள பீட்டா-பங்காரோடாக்சின் வகைப் புரதங்கள் தசையோடு சேரும் நரம்பு நுனிகளைத் தாக்கிக் குமிழ்களைத் தீர்த்துவிடுகின்றன, நுனியையே சிதைக்கின்றன. இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை ஓயும். நச்சுமுறி மருந்து இரத்தத்தில் இருக்கும் நஞ்சை முறிக்கும். சிதைந்த நுனியை அது சீராக்காது. நுனி மீண்டும் வளரும் வரை நோயாளி நாட்கணக்கில் செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்க நேரும். இந்தக் கடி பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களுக்கு, வலியே தெரியாமல் நடக்கிறது. தூங்கி எழுந்தவருக்குக் காரணமில்லாமல் வயிறு வலித்து இமை தொங்கினால், கடிவாய் தேடியும் மந்திரிக்கப் போயும் நேரத்தைக் கழிக்காதீர்கள். சுவாசக் கருவி இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.