விலங்கு பூட்டிய கைகள் விரித்த வீதி

லிஸ்பன் நகரத்து நடைபாதைக் கற்களைப் பெயர்த்தெடு என்கிறார்கள் ஒரு சாரார். ஒரு கல்லையும் தொடாதே என்கிறார்கள் மற்றொரு சாரார். போர்ச்சுகல் நாட்டார் வழக்கில் நமக்கென்ன வேலை என்று ஒதுங்கியிருப்போம். ஆனால், அந்தக் கற்களை முதன்முதல் பதித்தவர்கள் யாரென்று அறிந்த பிறகு ஒதுங்க மனம் வரவில்லை.

1842-ஆம் ஆண்டு. குன்றின்மேல் நிற்கும் சான் ஜோர்ஜ் கோட்டையில், எவுசேபியோ ஃபுர்த்தாதோ என்ற படை அதிகாரி கைதிகளை அழைத்து, வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் கொடுத்துக் கோலம் போடச் சொன்னார். விலங்கு பூட்டிய கைதிகள்! அவர்கள் போட்ட கோலத்தைக் கண்டு ஊரே வியந்தது. 1849-இல் ரோசியோ சதுக்கத்தின் தரையெங்கும் கல்லாலான அலை புரண்டது. அந்த அலையை இன்று படம் பிடிக்கும் பயணிகளில் எத்தனை பேருக்குச் சங்கிலியின் ஓசை கேட்கிறதோ, நாமறியோம்.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மழை பெய்தால்? தேய்ந்து மெருகேறிய சுண்ணாம்புக்கல் வழுக்குகிறது, தெருவோ செங்குத்து. பயணி நான்கு நாள் நடந்துவிட்டு ஊர் திரும்புவார். காய்கறிப் பையோடு நாள்தோறும் ஏறி இறங்குபவள் அந்த ஊர்க் கிழவி. சக்கர நாற்காலிக்காரர் நிலையோ இன்னும் பரிதாபம். 2014-இல் நகர மன்றம் நடப்போருக்கான திட்டமொன்றை நிறைவேற்றி, சில இடங்களில் கல்லுக்குப் பதில் வழுவழுப்பற்ற தளம் போடலாம் என்றபோது, கலை அழிகிறதே என்று கூக்குரல் எழுந்தது. கிழவியின் இடுப்பெலும்புக்காக எழுந்த குரல் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.

ஆனாலும் குற்றவாளி கல்தானா? நடைபாதைமீது காரை ஏற்றி நிறுத்துகிறார்கள், கல் ஆடுகிறது. குழாய்க்காகத் தோண்டுகிறார்கள், பழகாத கை அவசரமாக மூடுகிறது, இடைவெளி விரிகிறது. உள்ளங்கையில் கல்லை வைத்துச் சுத்தியலால் தட்டி, அளவாக உடைத்து, மணலில் நெருக்கிப் பதிக்கும் தொழிலாளி இன்று மிகச் சிலரே. 1986-இல் மாநகராட்சியே பள்ளி ஒன்று திறந்தது. நாளெல்லாம் குனிந்தே செய்யும் வேலைக்கு இளைஞர் எளிதில் வருவாரா? 2006-இல் கல் பதிப்போருக்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள். சிலைக்கு முதுகு வலிக்காது!

பழமையைப் போற்றுகிறோம் என்று சொன்னால் மட்டும் போதாது. அதே நகரில், 1885 முதல் ஓடிய குளோரியா மலைத் தொடர்வண்டி 2025 செப்டம்பர் 3 அன்று கம்பிவடம் அறுந்து உருண்டு, 16 உயிர்களைக் குடித்தது. அந்த வண்டியும் நினைவுச் சின்னந்தான்.

ரோசியோவின் அலை அப்படியே இருக்கட்டும். மருத்துவமனை வாசலிலும், பேருந்து நிற்குமிடத்திலும், செங்குத்துத் தெருக்களிலும், கால் வழுக்காத பாதை ஒன்றைக் கல்லுக்கு நடுவே நாளைக்கே போடட்டும். பெயர்த்த கற்களைக் கொட்டி மூடாமல், அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஆடிக் கிடக்கும் தெருக்களில் பதிக்கச் சொல்லட்டும்; வயிறார உண்ணும் கூலியோடு.