பிழை வழியே குலமுறை காணல்

ஒரே நூலுக்கு நான்கு ஏட்டுப் பிரதிகள் கிடைப்பின், எதனைப் பார்த்து எது எழுதப்பட்டதென அறிவது எங்ஙனம்? திருத்தமான பாடங்கள் இவ்வினாவுக்கு விடை தாரா. அவை எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவாயின. பிழைகளே விடை தருவன. இரு பிரதிகள் ஓரிடத்தில் அதே இரண்டடிகளை விட்டிருப்பின், அவை அவ்வடிகள் விடுபட்ட ஓர் ஏட்டின் வழிவந்தன எனப் பெரும்பாலும் துணியலாம்.

உயிர்களின் கூர்ப்பு மரத்தை ஆராய்வோர் கைக்கொள்ளும் நெறியும் இதுவே. டி.என்.ஏ. என்பது அடெனின், குவானின், சைற்றோசின், தைமின் என்னும் நான்கு எழுத்துக்களாலாய நீண்ட தொடர். தலைமுறைதோறும் அது படியெடுக்கப்படுங்கால் சிற்சில எழுத்துக்கள் மாறும். பல உயிர்களிலுள்ள ஒரே பரம்பரையலகை வரிசைப்படுத்தி ஒப்புநோக்கி, ஆகக் குறைந்த மாற்றங்களால் வேறுபாடுகளை விளக்கும் மரத்தைத் தெரிவது சிக்கன முறை எனப்படும்.

சொல்லுதற்கு எளிது. நான்கு உயிர்களை, வேர் எதுவெனக் குறியாது இணைக்கத்தக்க மரங்கள் 3 மட்டுமே. பத்து உயிர்களுக்கு அவை 2,027,025 ஆகும். இருபதாயினோ 21 இலக்கங்கள் கொண்ட எண்! அத்தனையையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்து முடிக்கக் கணினிக்கும் இயலாது. ஆதலின் அது ஒரு மரத்தை அமைத்து, ஒரு கிளையை வெட்டி வேறிடத்தில் ஒட்டி, முன்னையதினும் நன்றாயின் அதனைக் கொண்டு மேற்செல்லும். தலைசிறந்த மரமே அகப்பட்டதென்பதற்கு உறுதியில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஏடுகளில் புள்ளியிடும் வழக்கம் அருகியது. காலும் ரகரமும் ஒரே வடிவின. எனவே ஒருவரையொருவர் அறியாத இருவர் அதே பிழையைச் செய்தல் எளிது. அப்பிழை உறவுக்குச் சான்றாகாது. நான்கே எழுத்துக்களையுடைய டி.என்.ஏ.யிலும் இவ்வாறே. விரைந்து மாறிய இரு குலங்கள் தற்செயலாக ஒரே எழுத்தைப் பெற்று, நெருங்கிய உறவினர் போலத் தோன்றும். இந்நிலையில் தரவு பெருகப் பெருகச் சிக்கன முறை பிழையான மரத்தையே மேலும் உறுதிப்படுத்தும் என 1978 இல் அமெரிக்கரான யோசேப்பு பெல்சென்ஸ்ரைன் நிறுவினார். சான்று மிகுந்தால் உண்மை தானே துலங்கும் என நம்பியிருந்த எனக்கு இது பேரதிர்ச்சியாயிற்று.

1981 இல் அவரே டி.என்.ஏ. தொடர்களுக்கு ஒரு நிகழ்தகவு முறையை வகுத்தார். ஓரிடத்தில் எழுத்துப் பன்முறை மாறியிருக்கலாம் என்பதையும், ஒவ்வொரு கிளையின் நீளத்தையும் அது கணக்கிற் கொள்ளும். நம்முன்னுள்ள தொடர்கள் எம்மரத்தில் தோன்றுதற்கு வாய்ப்பு மிகுதியோ, அம்மரத்தைத் தெரியும்.

உயிரியலார் வளர்த்த இக்கணிப்பு நூலாராய்ச்சிக்கும் பயன்பட்டது. 1998 இல் கேம்பிரிட்ஜ் உயிரிரசாயன அறிஞர்கள் இலக்கிய அறிஞரோடு கூடி, சாசரின் கன்ரபரிக் கதைகளுள் ஒரு முன்னுரையின் 58 பழம்பிரதிகளை ஆராய்ந்தனர். சாசரின் சொந்தப் படியே சேர்ப்பும் நீக்கமும் குறித்த, முற்றுப்பெறாத வரைவாயிருந்திருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிபு. தமிழ் ஏடுகளுக்கு இம்முறையைக் கையாள விழையும் நம் மாணாக்கர், புள்ளியும் காலும் பற்றிய பிழைகளுக்குச் சிறு மதிப்பும், அடி விடுபட்ட இடங்களுக்குப் பெருமதிப்பும் அளித்துத் தொடங்குதல் வேண்டும்.