வளரும் வடுவும் மயிர் நடுகையும்

சென்ற ஆண்டு ஒரு நாள், பாடசாலை விட்டு மாணவர் யாவரும் கலைந்த பின்னர், எமது ஆசிரியர்களுள் ஒருவர் என் அறைக்கு வந்தார். வயது முப்பதைத் தாண்டாதவர். ஆயினும் நெற்றி இருபுறமும் மேலேறி, உச்சியில் மயிர் அருகிவிட்டது. திருமணம் நிச்சயமாகியிருந்தது. “சேர், தலைமயிர் நடுவிக்க முற்பணம் கட்டிவிட்டேன். அடுத்த மாதம் ஒரு கிழமை லீவு வேண்டும்” என்றார். அன்று புழுக்கம் மிகுதி. சட்டையின் மேற்பொத்தானை அவர் தளர்த்தியபோது, மார்பின் நடுவே விரலளவு தடித்து மினுங்கிய ஒரு வடு என் கண்ணிற் பட்டது.

“தம்பி, இது என்ன?”

“பத்து வருசத்துக்கு முன் வந்த பரு, சேர். பரு போய்விட்டது. வடு மட்டும் வளர்ந்துகொண்டே இருக்குது.”

“இதை அந்த வைத்தியருக்குக் காட்டினீரா?”

“அவர்கள் தலையை மட்டுந்தான் பார்த்தார்கள்.”

நேயர்களே, நான் கலைப் பட்டதாரி, வைத்தியன் அல்லேன். ஆயினும் அவ்வடுவைக் கண்டவுடன் என் தமக்கையாரின் காது நினைவுக்கு வந்தது. காது குத்திய இடத்திற் கடலையளவு எழுந்த கட்டியை வெட்டி அகற்றினார்கள். சில மாதங்களில் அது நெல்லிக்காயளவாக மீண்டும் வளர்ந்தது. ஆகவே, ஆசிரியரின் விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, முதலில் அரசாங்க வைத்தியசாலையிலுள்ள சரும நோய் நிபுணரிடம் சென்று வருமாறு அவரை அனுப்பினேன். அதன்பின் நிபுணர் கூறியவற்றையும், நான் தேடிப் படித்தவற்றையும் இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

இவ்வகை வடுவுக்குக் ‘கீலொயிட்’ என்று பெயர். பாரிஸ் நகரத்துச் சென் லூயி வைத்தியசாலையிற் பணியாற்றிய அலிபேர் என்னும் தோல் வைத்தியர் 1806 ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். புற்றுநோயைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடைய பெயரையே முதலில் இட்டார். பின்னர், இது புற்றுநோய் அன்று என்பதை வேறுபடுத்த, நண்டின் கவ்வுகாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கினார். நண்டு கால் நீட்டுவதுபோல், வடு காயத்தின் எல்லையைக் கடந்து நல்ல தோலினுள்ளும் படர்வதே இதன் அடையாளம். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நின்று, காலப்போக்கில் தானே தணியும் வடுக்களும் உள. அவை வேறு, கீலொயிட் வேறு.

தோல் கிழிந்தால் உடல் ‘கொலாஜன்’ என்னும் நார்ப்பொருளை உண்டாக்கி அக்கிழிசலைத் தைக்கின்றது. தையல் முடிந்ததும் வேலை நின்றுவிட வேண்டும். சிலருடைய உடலில் அது நிற்பதில்லை. காயம் ஆறிப் பல மாதங்களின் பின்னரும் நார் குவிந்துகொண்டே இருக்கும். அரிப்பும் வலியும் சேரும். இத்தன்மை குடும்பங்களிற் பரவலாகத் தொடர்ந்து வருவதுண்டு. வெண்ணிறத்தாரினும் கருநிறத் தோலுடையாரிடத்தும் எம்மைப் போன்ற ஆசிய மக்களிடத்தும் இது மிகுதி. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே பெரும்பாலும் தோன்றும். காதுமடல், மார்பின் நடு, தோள், மேல்முதுகு, தாடை ஆகியன இதற்கு உகந்த இடங்கள். தலையின் மயிர்த்தோலில் இது அரிதாகவே எழும். இந்த ஒன்று நாம் ஆறுதல் கொள்ளத்தக்கது.

இனி, மயிர் நடும் சத்திரசிகிச்சையைப் பார்ப்போம். யப்பானிய வைத்தியர் ஒக்குடா, தீக்காயம் முதலியவற்றால் மயிரிழந்த இடங்களில் மயிருள்ள சிறு தோல் வட்டங்களை நட்டு, 1939 இல் அதனை எழுதி வெளியிட்டார். உலகப் போர் மூண்டமையால் அவருடைய எழுத்து மேலைநாட்டாரை எட்டவில்லை. நியூ யோர்க்கில் ஓரென்றைக் என்பார் 1952 இல் இம்முறையை வழுக்கைக்குக் கையாண்டு, 1959 இல் தம் ஆய்வை வெளியிட்டார். அவர் காட்டிய உண்மை எளிது: பிடரியிலுள்ள மயிர்க்கால், எங்கே நட்டாலும் தான் பிறந்த இடத்தின் இயல்பையே காக்கும். பிடரி மயிர் உதிராத இயல்புடையது. ஆதலின் உச்சிக்குப் போனாலும் உதிராது. புகையிலைக் கன்றை மேடையிலிருந்து கிளப்பித் தோட்டத்தில் நட்டாலும் அது புகையிலையாகவே வளர்வது போல எனலாம்.

இன்று இக்கன்றுகளை எடுக்க இரண்டு வழிகள் உள்ளன. பிடரியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் அகலமான தோல் நாடாவை வெட்டியெடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் மயிர்க்கால்களாகப் பிரித்து நடுவது ஒன்று. இங்கே பிடரியை இழுத்துத் தைப்பார்கள். காது முதல் காது வரை நீண்ட கோடு போன்ற வடு எஞ்சும். ஒரு மில்லிமீற்றர் அளவான குழாய்க்கத்தியால் மயிர்க்கால்களை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுப்பது மற்றொன்று. 2002 இல் வைத்தியர் சிலர் இதனை வைத்திய ஏட்டில் விவரித்த பின்னர் இது பெரிதும் பரவியது. ‘தழும்பில்லாச் சிகிச்சை’ என்று விளம்பரங்களிற் கூறப்படுவது இதுவே. உண்மையில் இதிலும் தழும்பு உண்டு. ஒரு நீண்ட வடுவுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான சிறு புள்ளி வடுக்கள் எஞ்சும். அவை மயிரினுள் மறைந்திருக்கும், அவ்வளவே.

வடு வளரும் தோலுடையார் இங்கேதான் நின்று எண்ண வேண்டும். இழுத்துத் தைத்த காயத்தில் இழுவிசை உண்டு. அவ்விசை கீலொயிட்டைத் தூண்டும். ஆதலின் நாடாவாக வெட்டும் முறை அவர்களுக்குப் பெரும்பாலும் ஏற்றதன்று. துளைத்தெடுக்கும் முறையில் இழுவிசை குறைவு. ஆயினும் காயங்கள் பல. தலைத்தோலில் கீலொயிட் அரிது என்பது உண்மையே. ஆனால் அரிது என்பதற்கு ‘இல்லை’ என்பது பொருளன்று. பிடரியில் அது எழுமாயின், வழுக்கையை மறைக்கப் போனவர் வழுக்கையினும் கொடிய ஒன்றை மறைக்க வேண்டியவராவார். பிடரியில் மயிர் போதாதவர்க்கு மார்பிலிருந்தும் தாடையிலிருந்தும் மயிர் எடுப்பதுண்டு. அவையிரண்டும் கீலொயிட் விரும்பும் இடங்களாதலின், இத்தகையோர் அதனை அறவே தவிர்த்தல் வேண்டும்.

மற்றொரு நோயையும் இங்கே குறிப்பிடுதல் தகும். நெருக்கமாகச் சிரைக்கும் ஆடவர் சிலருக்குப் பிடரியின் கீழ்ப்பகுதியிற் சிறு சிறு கட்டிகள் தோன்றித் தடித்த வடுவாக மாறும். இது உண்மைக் கீலொயிட் அன்று. மயிர்க்காலின் அழற்சியால் வருவது. ஆயினும் கன்று எடுக்கும் இடத்திலேயே இந்நோய் இருக்கையில் அங்கே கத்தி வைத்தல் தகாது. முதலில் நோயை அடக்க வேண்டும்.

அப்படியாயின், இவர்களுக்கு இச்சிகிச்சை முற்றாக விலக்கா? அன்று. நிபுணர் சொன்ன வழி இது. முதலில் உடலிலுள்ள பழைய வடுக்கள் அனைத்தையும் பார்க்க வேண்டும்: பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசி இட்ட இடது மேற்புயம், காது குத்திய இடம், பரு வந்த மார்பு, முன்னர் தையலிட்ட இடங்கள். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பற்றி விசாரிக்க வேண்டும். அதன்பின்னும் விருப்பம் நீங்காவிடின், மறைவான ஓரிடத்தில் ஒருசில மயிர்க்கால்களை மட்டும் எடுத்து நட்டுப் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம் பார்த்தல் வேண்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்தல் மேலும் நன்று. கீலொயிட் பிந்தியும் எழும் இயல்பினது. தோட்டக்காரன் புதிய நிலத்தில் முதலில் ஒரு பாத்தி மட்டும் நட்டுப் பார்ப்பதில்லையா?

சோதனையிலே தடிப்பு எழுமாயின் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். எழுந்த வடுவுக்குச் சிகிச்சைகள் உள. ட்ரையம்சினோலோன் என்னும் மருந்தை வடுவினுள்ளே சில கிழமைகளுக்கு ஒருமுறை ஊசியால் ஏற்றுவர். சிலிக்கோன் தகடு ஒட்டுவர். கடுங்குளிரால் உறையச் செய்வர். வெட்டுதல் மட்டும் போதாது; வெட்டியதோடு விட்டால் நூற்றுக்கு 45 முதல் 100 வரை மீண்டும் வளரும் என வைத்திய நூல்கள் கூறுகின்றன. என் தமக்கையாருக்கு நேர்ந்தது அதுவே. அதனால் வெட்டிய பின்னர் ஊசிமருந்தோ கதிர்ச்சிகிச்சையோ சேர்த்தளிப்பர்.

கத்தி படாத வழிகளும் இருக்கின்றன. குருதி அமுக்கத்துக்காக ஆக்கப்பட்ட மினொக்சிடில், மயிரையும் வளர்ப்பது கண்டு, தலையிற் பூசும் மருந்தாக 1988 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆடவர் உட்கொள்ளும் பினாஸ்ரெரைட் 1997 இல் அனுமதி பெற்றது. இவை மயிருதிர்வை மந்தப்படுத்தும்; நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். பக்கவிளைவும் உண்டாதலின் வைத்தியரைக் கேளாது தொடங்கலாகாது.

எமது ஆசிரியருக்கு நிகழ்ந்ததையுஞ் சொல்லிவிடுகின்றேன். முற்பணத்திற் பாதியே திரும்பக் கிடைத்தது. நிபுணரின் மேற்பார்வையில் காதின் பின்புறம் சில மயிர்க்கால்களை மட்டும் எடுத்துச் சோதனை செய்தார்கள். பொறுத்திருக்க வேண்டிய அக்காலத்தினுள்ளேயே திருமணநாளும் வந்தது. உள்ள தலையோடே மணவறையில் அமர்ந்தார். மணமகள் வீட்டார் அவருடைய தலையைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மார்பு வடுவுக்கு இப்போது ஊசி ஏற்றுகிறார்கள். அரிப்பு நின்று, வடுவும் தணிந்து வருகின்றது. சோதனையிட்ட இடம் ஆறு மாதமாகச் சுத்தமாகவே இருக்கின்றது. “இனி என்ன செய்யப் போகிறீர்?” என்று சென்ற கிழமை கேட்டேன். “ஓராண்டு முடியட்டும், சேர். அதற்குப் பிறகு அவவையும் கேட்டு முடிவு செய்வம்” என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையொருவர் இச்சிகிச்சையை நாடினால், பணம் கட்டுமுன் அவருடைய பழைய வடுக்களைப் பாருங்கள். அவற்றுள் ஒன்றேனும் எல்லை கடந்து வளர்ந்திருக்குமாயின், அதனை வைத்தியருக்குக் காட்டச் சொல்லுங்கள். அதனைப் பாராமலே நாள் குறிக்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.