தெய்வச் செயலா?

குடகனாற்றில் தண்ணீர் வராவிட்டால் தெய்வச் செயல். அளவுக்கு மிஞ்சி வந்து கரையை உடைத்தாலும் தெய்வச் செயல். மாசி, பங்குனியில் மலை தீப்பற்றி எரிந்தால் தெய்வச் செயல். சித்திரை வெயிலில் மண் வெட்டப் போன கூலியாள் வரப்பிலே சாய்ந்தால் அதுவும் தெய்வச் செயலே. தாடிக்கொம்பிலும் அதன் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் ஜனங்கள் இப்படிச் சொல்லித் தங்களைத் தேற்றிக்கொள்ளுகிறார்கள். துன்பப்படுகிறவர்கள் அவ்விதம் சொல்லுவதில் குற்றமில்லை. ஆனால், அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களும் அதே வார்த்தைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும்போது, அதைச் சற்று விசாரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

தெய்வச் செயல் என்பது ஆறுதல் வார்த்தை மட்டுமன்று. சட்டத்தில் அது ஓர் எதிர்வாதம். நஷ்டம் இயற்கையின் சக்தியினாலேயே விளைந்தது என்றும், அதில் மனிதர் கை படவில்லை என்றும், நியாயமான முன்யோசனை உள்ளவனாலும் அதை எதிர்பார்த்துத் தடுத்திருக்க முடியாது என்றும் பிரதிவாதி ரூபித்தால், அவன் பொறுப்பினின்று நீங்குகிறான். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாதம் விழுந்துவிடும்.

இவ்விஷயத்தில் பழைய சென்னை ராஜதானியிலிருந்து எழுந்த ஒரு வழக்கை நேயர்கள் அறிந்திருத்தல் நலம். கார்வேட்டிநகரம் ஜமீனில் இரண்டு ஏரிகள் பெருமழையில் உடைந்து, வெள்ளம் ரயில் பாதையையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போயிற்று. சென்னை ரயில்வே கம்பெனியார் ஜமீன்தார்மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தனர். அது லண்டன் பிரிவி கௌன்ஸில் வரை சென்று 1874-ஆம் வருஷத்தில் முடிவாயிற்று. தன் நிலத்தில் அபாயமான பொருளைத் தேக்கி வைப்பவன், அது வெளியேறிப் பிறருக்குச் செய்யும் தீங்குக்கு, தன் அஜாக்கிரதை இல்லாவிடினும், பொறுப்பாளி என்பது 1868-இல் இங்கிலாந்தில் நிலைபெற்ற விதி. அந்த விதி இங்கே செல்லாதென்று நியாயாதிபதிகள் தீர்த்தார்கள். இந்நாட்டில் ஏரி என்பது தனி ஒருவன் சுகத்துக்காக வெட்டிக்கொண்ட குளமன்று. ஜனங்களின் ஜீவனத்துக்கு இன்றியமையாத பூர்வீக ஏற்பாடு. அதைத் தூர்த்துவிட ஜமீன்தாருக்கு உரிமை கிடையாது, காப்பாற்றும் கடமையே உண்டு. ஆகையால் அஜாக்கிரதை ரூபிக்கப்பட்டாலன்றி அவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் கூறிய காரணம்.

ஜமீன்தார் ஜயித்தார். ஆயினும் அந்தத் தீர்ப்பில் உண்மையாக ஜயித்தது ஏரியே என்று நாம் கருதுகிறோம். ஏரியை வைத்திருப்பவன் அதைக் காக்கக் கடமைப்பட்டவன். காக்கத் தவறியவன் மழையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. இன்று ஜமீன்கள் இல்லை. பிரிவி கௌன்ஸிலுக்கு இங்கே அதிகாரமும் இல்லை. ஏரிகள் சர்க்காரிடமும் பஞ்சாயத்துக்களிடமும் இருக்கின்றன. அவற்றோடு கடமையும் கைமாறி வந்திருக்கிறது.

இந்த உரைகல்லில் நமது ஜில்லாவின் சமாசாரங்களை உரைத்துப் பார்ப்போம். கீழ்ப் பழனி மலைகளில் பிறந்து, ஆத்தூரில் காமராஜர் நீர்த்தேக்கத்தில் தங்கித் திண்டுக்கல் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்து, தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாக வடக்கே சென்று, கரூர் ஜில்லாவில் அமராவதியோடு சேருவது குடகனாறு. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்களைக் காண வருகிற வெளியூரார், வருஷத்தின் பெரும்பகுதியில் இந்தப் படுகையைப் பார்த்தால், இதை ஆறென்று சொல்லத் தயங்குவார்கள். ஆனால் 1977-இல் இதே ஆறு என்ன செய்தது? வேடசந்தூருக்கு அப்பால் அழகாபுரியில் உள்ள அணைக்கு வந்த வெள்ளம், கரைக்கு மேலாக வழிந்து, வெளிப்புறச் சரிவை அரித்து, மண்கரையைப் பல இடங்களில் பிளந்துவிட்டது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை நீளமுள்ள உடைப்புக்கள் ஏற்பட்டன. அணைக்குக் கதவுகள் ஐந்து. வெள்ளம் வந்ததும் ஊழியர்கள் அவற்றைத் தூக்க முனைந்தார்கள். மின்சாரம் நின்றுவிட்டபடியால் கதவுகள் முழுவதும் எழும்பவில்லை. மாற்று ஜெனரேட்டரை ஓட்டியும் பயனில்லை. கையினால் தூக்கப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரையேறிவிட்டது. மழை தெய்வச் செயலாக இருக்கலாம். மின்சாரம் போனால் எழும்பாத கதவு தெய்வச் செயல் ஆகுமா? அன்று இரவு பகலாகப் போராடிய ஊழியர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆபத்து வேளைக்கு வேண்டியதை ஆபத்து வருமுன் தேடி வைக்காத ஏற்பாட்டையே குறை சொல்லுகிறோம்.

இது பழங்கதை என்பாருமுளர். அவர்கள் அண்மையில் நடந்தவற்றைக் கவனிக்கட்டும். 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவுக்கு 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில், அன்றிருந்த எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசங்களென்று பிரகடனம் செய்யப்பட்டன. மறு வருஷம், 2018 மார்ச் 11-ஆந் தேதி, நமது அண்டை ஜில்லாவாகிய தேனியில், போடிநாயக்கனூருக்கு அருகே குரங்கணி மலையில், மலையேறச் சென்றிருந்த இளைஞர்களும் பெண்களும் காட்டுத்தீயில் அகப்பட்டு, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவ்வருஷமே நவம்பர் 16-ஆந் தேதி வேதாரண்யத்துப் பக்கம் கரையேறிய கஜா புயல், கடலை ஒருநாளும் பார்த்திராத நமது ஜில்லாவரை, நூறு மைலுக்கு மேல் வந்து, கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்தது. வறட்சி, நெருப்பு, புயல் ஆகிய மூன்றும் இரண்டு வருஷத்துக்குள் அடுத்தடுத்து வந்து போயின.

வறட்சி ரெவின்யூ இலாகாவின் கட்டில் இருக்கிறது. கரை உடைப்பு மராமத்து இலாகாவின் கட்டில். தீ வன இலாகாவின் கட்டில். மரணம் ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தில். இந்த நான்கு கட்டுக்களையும் ஒரே மேஜையின்மேல் பிரித்து வைத்துப் படிப்பவர் யாரும் இல்லை. படித்தால் நான்கும் ஒரே கதையென்று தெரியவரும். மலைச்சரிவில் புல்லும் சருகும் எரிந்துபோனால், மழை நீரை உறிஞ்சி வைக்கும் மெத்தை போய்விடுகிறது. அடுத்த மழையில் தண்ணீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கீழே இறங்குகிறது. மலையடியில் வெள்ளம், ஏரியில் வண்டல். ஊறி ஊறி வரவேண்டிய நீர் மலையில் தங்காமையால், தை பிறக்குமுன் ஆறு வறண்டுவிடுகிறது. தாடிக்கொம்பில் குடியானவன் ஆழ்குழாய்க் கிணற்றை நூற்றுக்கணக்கான அடி இறக்குவதற்கும், மலையில் எவனோ அணையாமல் எறிந்த பீடித்துண்டுக்கும் சம்பந்தம் உண்டு. நமது காடுகளில் பற்றும் தீ பெரும்பாலும் மனிதர் கையினால் மூளுவது என்பதை மறக்கலாகாது.

இவற்றையெல்லாம்விடச் சத்தமில்லாமல் கொல்லுவது சூடு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு ரூ. 4 லட்சம் நிவாரணம் என்று உத்தரவிட்டனர். இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் உத்தரவு வேறு, சாட்சியம் வேறு. மரணத்துக்குக் காரணம் சூடுதான் என்று உரிய அதிகாரியின் சான்று வேண்டும். பகலெல்லாம் வெயிலில் மண் சுமந்துவிட்டு, மாலையில் வீடு திரும்பி, இரவில் மயங்கி இறந்துபோகிற ஒரு கிழவியின் மரணம் எப்படிப் பதிவாகும்? வயோதிகம் என்று எழுதுவார்கள், அல்லது மாரடைப்பு என்று எழுதுவார்கள். அவள் உடலின் சூட்டை அளந்து வைத்தவர் யார்? அவளை அன்று எத்தனை மணி வரை வேலை வாங்கினார்கள் என்று குறித்து வைத்தவர் யார்? சாட்சியம் இல்லாத இடத்தில் உரிமை ஏட்டுச் சுரைக்காயாகிவிடுகிறது. ஏழைக்கு இதுவே பெரும் அநீதி.

இனி, எதிர்பார்க்க முடியவில்லை என்ற வாதத்தைப் பார்ப்போம். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைச் சூறையாடிய பிறகு, மழை ஏன் பொய்க்கிறது என்று ஆராய வேண்டுமென்ற எண்ணம் வலுத்தது. சூரியனைக் கவனித்தால் மழையின் போக்கு விளங்கலாமென்று நம்பினார்கள். அந்த முயற்சியின் பயனாக 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நமது ஜில்லாவின் மலையுச்சியிலேயே இந்த ஆராய்ச்சி ஆரம்பித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்று காரணம் பெரும்பாலும் தெளிவாகியிருக்கிறது. யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததாலும் காடுகளை அழித்ததாலும், இப்பொழுது 420 பங்குக்கு மேலாகிவிட்டது. 2024-ஆம் வருஷத்தில் உலகத்தின் சராசரிச் சூடு பழைய நிலையைவிட ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயர்ந்திருந்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கக்கூடும். ஆகையால் அது மழையற்ற காலத்தில் நிலத்தை இன்னும் கடுமையாக உறிஞ்சுகிறது. மழை காலத்தில் ஒரே மூச்சில் கொட்டுகிறது. வறட்சியும் வெள்ளமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. குறிப்பிட்ட ஒரு நாள் மழையையோ வெயிலையோ இதன் கணக்கில் எழுதிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால், இத்தகைய நாட்கள் அடிக்கடி வரும் என்று தெரிந்த பிறகும், எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல எவருக்கும் இடமில்லை.

இந்தத் தீங்கைச் செய்தவர்கள் வெளிநாட்டாரல்லவா, தாடிக்கொம்பு என்ன செய்யும் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. இதுவரை உலகம் எரித்துத் தள்ளிய நிலக்கரி, எண்ணெய்ப் புகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியன் ஒருவனுக்கு வருஷத்தில் விழும் பங்கு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. இந்த வழக்கை நாம் விட்டுவிடக் கூடாது. பசிபிக் கடலில் உள்ள சின்னஞ்சிறு வனுவாட்டுத் தீவு முன்னின்று முயன்றதன் பலனாக, 2025 ஜூலை 23-ஆந் தேதி ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் தன் அபிப்பிராயத்தை வெளியிட்டது. சீதோஷ்ணத்தைக் காப்பது ராஜ்யங்களின் சட்டக் கடமையென்றும், கடமை தவறினால் பரிகாரம் செய்யும் பொறுப்பு ஏற்படக்கூடுமென்றும் அது கூறியிருக்கிறது. அதற்கு முன்பே, 2024 மார்ச்சில், கானமயில் பறவை சம்பந்தமான வழக்கில் நமது சுப்ரீம் கோர்ட்டு, மாறிவரும் சீதோஷ்ணத்தின் தீங்குகளினின்று காக்கப்படும் உரிமை அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் ஷரத்துக்களில் அடங்கியிருக்கிறதென்று தீர்ப்பளித்தது. வாஷிங்டனுக்கு எதிராக உள்ள நியாயம் ஜில்லாத் தலைநகருக்கு எதிராகவும் உண்டு. ஹேக்கில் வழக்காடுகிறவன் தன் ஊர் வாய்க்காலைத் தூர்ந்துகிடக்க விடலாமா?

தாடிக்கொம்புப் பேரூராட்சி மன்றமும் சுற்றுவட்டாரக் கிராம சபைகளும் செய்யக்கூடியவை நான்கு என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, தை மாதம் முடியுமுன் மலையடிவாரத்தில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்பட வேண்டும். தீக்காவலர்களுக்குக் கூலி அந்தந்த மாதமே கொடுபட வேண்டும். பசியோடிருப்பவன் காட்டைக் காக்கமாட்டான். இரண்டாவது, பங்குனி முதல் வைகாசி வரை பொது வேலைகள் விடியலில் ஆரம்பித்து முற்பகலில் நிற்க வேண்டும். நிழலும் தண்ணீரும் வேலையிடத்தில் இருக்க வேண்டும். வேலைநேரம் தினந்தோறும் குறிக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஆவணிக்குள் வரத்து வாய்க்கால்களும் மதகுகளும் பழுதுபார்க்கப்பட வேண்டும். 1858-ஆம் வருஷத்துச் சட்டம் குடிமராமத்தைக் கட்டாய உழைப்பாக்கிற்று. 2017-இல் சர்க்கார் அப்பெயரைப் புதுப்பித்தனர். கட்டாயமின்றியும் ஒப்பந்தக்காரரின் லாபமின்றியும், ஊரார் முன்னிலையில் கணக்குக் காட்டி நடப்பதே உண்மையான குடிமராமத்து. நான்காவது, ஒவ்வொரு ஊரிலும் மழையளவும் வெயிலளவும் கிணற்று நீர்மட்டமும் ஒரு புஸ்தகத்தில் எழுதப்பட வேண்டும். பள்ளி மாணவர்களே இதைச் செய்துவிடலாம்.

கடைசியாகச் சொன்னது அற்பமென்று தோன்றலாம். நாம் அதையே தலையாயதென்று கருதுகிறோம். பொதுத்தொண்டர்கள் ஊர்வலமும் கூட்டமும் நடத்துவதில் வல்லவர்கள், தீர்மானங்களுக்கும் குறைவில்லை. ஆனால் நஷ்டஈடு கேட்டு நிற்கும்போது கூட்டத்தின் கோஷம் சாட்சியாகாது. தேதியிட்ட ஏடு சாட்சியாகும். இன்ன தேதியில் இத்தனை மழை பெய்தது, இன்ன வாய்க்கால் அப்பொழுதும் தூர்ந்தே கிடந்தது, இன்ன நாளில் மனுக் கொடுத்தோம், பதில் வரவில்லை என்று எழுதி வைத்திருக்கும் ஊருக்கு முன்னால், தெய்வத்தின்மேல் பழி போட்டு எந்த அதிகாரியும் தப்ப முடியாது. வருகிற சித்திரை முதல் தேதியன்று தாடிக்கொம்பு அந்தப் புஸ்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்குமா?